மாப்ள பேருல ஒரு துப்பாக்கி

அந்தச் சேருல வேண்டாங்க சார், இக்கட்ட வந்து உக்காருங்க. அங்க உக்காந்தா நாம பேசறது பூராவும் கடைக்காரருக்குக் கேக்கும். அவரு என்னமோ தோட்டா டப்பாவ அடுக்கற மாதிரி குனிஞ்சிருக்காரு, ஆனா காது ரெண்டும் இங்கதான் இருக்குது. நான் உள்ள வந்ததுல இருந்து ஒரே டப்பாவத்தான் எடுத்து எடுத்து வெச்சுக்கிட்டிருக்காரு.

பெங்களூர்ல இருந்து நேரா வந்தீங்களா? கோயமுத்தூர்ல எறங்கி நேரா இந்தக் கடைக்குத்தானுங்களா? வழியில யாரும் ஃபோன் பண்ணலீங்களே? நஞ்சப்பன்னு, பொள்ளாச்சிப் பக்கம், குரல் கொஞ்சம் மெதுவா வரும். இல்லீங்களா? செரி செரி. சும்மா கேட்டனுங்க. தப்பா நெனைக்காதீங்க.

இந்த டீ, நம்ம கடைக்காரரு சொல்லி வந்ததுங்களா? வேண்டாம் விடுங்க. அதுல எதையும் கலந்திருப்பாருன்னு நான் சொல்லல. ஆனா ஒருத்தரு டீயக் குடிச்சுப்போட்டா அவருக்குச் சாதகமா ஒரு வார்த்தை சொல்லலாம்னு மனசு எறங்கும் பாருங்க, அதுக்குத்தான் சொல்றேன். நான் எங்கியும் குடிக்கறதில்ல. முடிஞ்சதும் அன்னபூர்ணா மாதிரி நல்ல கடையாப் பாத்து நானே கூட்டிட்டுப் போறேன்.

துப்பாக்கியச் சுத்துன துணிய இன்னும் பிரிக்காதீங்க சார். கை அதுலயே போகுது உங்களுக்கு. பழைய துப்பாக்கிக்கு மதிப்புப் போடற தொழில்காரரு, அப்படித்தான் இருக்கும். ஆனா மொதல்ல நான் சொல்றதக் கேட்டுப்போட்டுப் பாருங்க. நீங்க பாட்டுக்கு முன்னாடியே பாத்துட்டீங்கன்னா, பொறவு நான் சொல்றது காதுல ஏறாது. போன தடவ வந்த மெட்ராஸ்காரரு அப்படித்தான் பண்ணிப்போட்டாரு.

நான் திருமலைசாமிங்க. ஆனைமலைக்கு இக்கட்ட தென்னந்தோப்பு. பழைய துப்பாக்கின்னா சின்ன வயசுல இருந்தே ஒரு கிறுக்கு. சுடறதுக்கில்லீங்க. பாக்கறதுக்கு, தொடைக்கறதுக்கு, எண்ணெய் போட்டு வெக்கறதுக்கு. ஊட்டில, வால்பாறைல, திண்டுக்கல் பக்கத்துச் சமீன் ஊடுகள்ல எங்க ஒரு பழைய துப்பாக்கி இருக்குதுன்னாலும் போயிப் பாத்துருவேன். என்னைய யாரும் ஏமாத்த முடியாதுங்க. எடுத்த ஒடனே திருகாணியத்தான் பாப்பேன். திருகாணித் தலையில கீறல் விழுந்திருந்தா எவனோ கழட்டியிருக்கான்னு அர்த்தம். கழட்டியிருந்தா என்னமோ மாத்தியிருக்கான்னு அர்த்தம். இது உங்களுக்கும் தெரிஞ்சதுதான்.

கோத்தகிரில ஒரு தடவ நல்லாச் சுதாரிச்சுக்கிட்டேன். இதே மாதிரி கீழ லிவர் வெச்ச துப்பாக்கி ஒண்ணு வெலைக்கு வருதுன்னு கூப்பிட்டாங்க. போயிப் பாத்தா பூராவும் காப்பித் தூள் கலருங்க. ஒரு எடத்துலயாவது மினுமினுப்பு இல்ல. தொட்டா என்னமோ பழைய கம்பி வேலியத் தொடற மாதிரி இருக்குது. இதைய வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு வந்துட்டேன். திருச்சூர்க்காரர் ஒருத்தர் பேரமே பேசாம வாங்கிட்டுப் போனாரு. அவரு அதைத் தொடைக்கக்கூட இல்லையாமா. அப்படியே கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருக்காராமா. எல்லாரும் வந்து வந்து பாத்துட்டுப் போறாங்களாமா. அதுல என்னமோ உள்வேலை இருக்குது சார். என்னன்னு எனக்கு இன்னும் பிடிபடல.

அது கெடக்கட்டும். இதுக்கு வாறேன்.

இந்தத் துப்பாக்கி எங்கய்யன் வாங்குனது. அவரு அந்தக் காலத்துல வால்பாறை எஸ்டேட்டுகளுக்கு லாரில அரிசி ஏத்திட்டுப் போவாரு. ஒரு தொரை சீமைக்குத் திரும்பறப்ப ஊட்டுச் சாமானம் பூராவும் வித்தாரு. மத்தவிய எல்லாம் மேசை, கட்டில், பீங்கான்னு பொறுக்குனாங்க. எங்கய்யன் சுவத்துல மாட்டியிருந்த இதையக் காட்டி, இதக் குடுங்கன்னாராமா. வின்செஸ்டர். குழல் எட்டுப் பட்டை. கீழ லிவரைத் தள்ளி இழுத்தா உள்ள மில்லு ஓடற சத்தம் கேக்கும் பாருங்க, அதுக்கே ஊர்ல இருந்து ஆளுக வரும். அய்யன் அதைய வெச்சு ஒரு காட்டுப்பன்னியக் கூடச் சுடல. ஆனா லைசென்ஸ் மட்டும் தப்பாம புதுப்பிச்சாரு. அவருக்குப் பொறவு என்ற பேருக்கு மாத்துனேன்.

எங்கிட்ட இருந்தது மூணுங்க. இது ஒண்ணு. ரெட்டைக் குழல் ஒண்ணு, தோப்புல பன்னி வெரட்டறதுக்கு. மூணாவது என்ற மாமனாரு குடுத்த சின்னத் துப்பாக்கி. நல்லாத்தான் இருந்துது. அப்பத்தான் சட்டம் வந்துது, ஒரு ஆளு மூணு வெச்சுக்கக் கூடாது, ரெண்டுக்கு மேல இருந்தா குடுத்துரோணும்னு. நான் எதைக் குடுக்கறது? பன்னித் துப்பாக்கியக் குடுத்தா தென்னங்கன்னு ஒண்ணு மிஞ்சாது. மாமனாரு குடுத்ததக் குடுத்தா என்ற ஊட்டுக்காரி சோறு போட மாட்டா. இதுதான் எடமில்லாத பிள்ளை மாதிரி நின்னுபோச்சு.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துது. என்ற தங்கச்சி மரகதம், அவளப் பக்கத்து ஊர்லதான் கட்டிக் குடுத்திருக்குது. மாப்ள நஞ்சப்பன் கையில லைசென்ஸ் இருக்குது, அதுல ஒரே ஒரு துப்பாக்கிதான் ஏறியிருக்குது. அதனால இதைய மாப்ள பேருக்கு மாத்திரலாம்னு நானேதான் போயிக் கேட்டேன். பேருக்குத்தானுங்க. காயிதத்துல மட்டும். துப்பாக்கி என்னோடதுதான்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரு, வேண்டாங்க மச்சான், நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நம்ம ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் வரும்னாரு. மரகதந்தான், அண்ணன் ஆசையாக் கேக்குதுல்ல, செஞ்சு குடுங்கன்னு சொல்லிச் சம்மதிக்க வெச்சா.

அவரு ஏன் மொதல்ல வேண்டாம்னாரு? அதைய அப்பவே நான் கவனிச்சிருக்கோணும். வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே வாங்கறவனைத்தான் நம்பக் கூடாதுங்க. ஆசைப்பட்டு வாங்கறவன் ஆசைய வெளிய காட்டிருவான்.

பொறவு ஞாயித்துக்கெழமை தப்பாம அங்க போயிருவேன். மரகதம் கறி ஆக்கி வெச்சிருப்பா. சாப்பிட்டுப்போட்டு, மாப்ள, அதைய எடுங்கம்பேன். அவரு பீரோவத் தெறந்து எடுத்துக் குடுத்துட்டு அக்கட்ட போயி உக்காந்துக்குவாரு. நான் உக்காந்து ஒவ்வொண்ணாப் பாப்பேன். மொதல் மாசமே எனக்கு ஒரு மாதிரி இருந்துது. போன வாரம் சுத்தி வெச்ச துணி வேற, இந்த வாரம் வேற. கேட்டா, பழசு எண்ணெய் ஊறிப்போச்சுங்க மச்சான், மாத்துனேங்கறாரு. துணிய மாத்துனவரு வேற எதை மாத்த மாட்டாரு? அடுத்த மாசம் பீரோவுக்குப் புதுப் பூட்டு. பழைய பூட்டு துரு புடிச்சுருச்சாமா. சாவி ஒண்ணு எங்கிட்டக் குடுங்கன்னு கேட்டேன். சட்டப்படி தப்பு வரும்னு சொல்லிப்போட்டாரு. சட்டமாமா. யாருகிட்டச் சட்டம் பேசறாரு பாருங்க.

அதுக்கும் மேல கேளுங்க. ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாமப் போயி நின்னேன். வாசல்ல கேரளா நம்பர் வண்டி. உள்ள நாலஞ்சு பேரு. வேட்டி சட்டையெல்லாம் அப்படி வெள்ளையா இருக்குது. என்னையப் பாத்ததும் பேச்சு நின்னுபோச்சு. மாப்ள மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. மரகதம் காப்பித் தட்டோட வந்தவ அப்படியே நின்னுட்டா. நான் யாருன்னு கேக்கறதுக்குள்ள அவிய எந்திரிச்சுப் போயிட்டாங்க. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்ல இருக்கற நம்ம சனந்தான் சார், ஆனா அன்னிக்கு எனக்கு என்ன தெரியும்? திருச்சூர்க்காரரு அனுப்புன ஆளுகதான்னு முடிவே பண்ணிட்டேன்.

பொறவு மரகதம் சொன்னா, பிருந்தாவப் பாக்க வந்தவிய அண்ணா, முடிவானா மொதல்ல உன்கிட்டத்தான் சொல்லலாம்னு இருந்தோம்னு. பிருந்தா என்ற தங்கச்சி மக, ஒரே மக. தாய்மாமன் நான் இருக்கறப்ப எனக்குத் தெரியாம எப்படிங்க பொண்ணு பாக்கறது? ஆயிரம் இருந்தாலும் அப்படி நடக்குமா? அதனால அது முழு நெசம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தோணல. வந்ததுல ஒருத்தரு பொண்ணப் பாத்திருப்பாரு, இன்னொருத்தரு பீரோவப் பாத்திருப்பாரு.

நான் அந்தத் துப்பாக்கிய எப்படி வெச்சிருந்தேன் தெரியுங்களா? அதைச் சொன்னாத்தான் உங்களுக்கு என்ற வயித்தெரிச்சல் புரியும். ஆயுத பூசைக்கு மொத நாளே உக்காந்துருவேன். மண்ணெண்ணெய்ல ஊற வெச்ச துணி, செங்கல் பொடி, பொறவு ஜீரோ நம்பர் உப்புத்தாள். குழலோட எட்டுப் பட்டையும் ஒண்ணொண்ணா, கை வலிக்க வலிக்கத் தேய்ப்பேன். மொகம் தெரியோணும், அப்பத்தான் விடுவேன். துப்பாக்கியோட மரத்துக்கும் அதே உப்புத்தாள், பொறவு ஆளி எண்ணெய். சந்தனம் குங்குமம் வெச்சு நிறுத்துனா ஊர்ச் சனமெல்லாம், எங்கியோ கடையில இருந்து இப்பத்தான் வாங்கிட்டு வந்தாப்புல இருக்குதுங்கும். ஒரு வருசம் கை வலி தாங்காம பொள்ளாச்சில லேத்துப் பட்டறைக்கே கொண்டுபோயி சக்கரத்துல குடுத்து மெருகு போட்டுக் கொண்டு வந்தேன். அந்த வருசம் மாதிரி அது என்னிக்கும் மின்னுனதில்லீங்க. மாப்ள ஊட்டுக்குப் போன பொறவும் நான் விடல. ஞாயித்துக்கெழமை போறப்பெல்லாம் உப்புத்தாளை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டுத்தான் போவேன். அவரு ஒரு நாளாவது தேச்சிருப்பாரா? இரும்பத் தொட்டா கை அழுக்காகும்னு இருக்கற ஆளு.

இப்படி வெச்சிருந்த துப்பாக்கி சார். அதுக்கு வெலை எவ்வளவு இருக்கும்னு ஒரு நெனப்பு வந்து, மெட்ராஸ்காரர் ஒருத்தரை வரவழைச்சேன். விக்கறதுக்கில்ல. சும்மா தெரிஞ்சுக்கத்தான். மாப்ள ஊட்டுலயே வெச்சுப் பாத்தாரு. எடுத்த ஒடனே மொகத்தச் சுளிச்சாரு. குழலு பட்டையெல்லாம் மழுங்கிக் கெடக்குதுங்கறாரு. கம்பெனிப் பேரு அடிச்ச எழுத்து பாதி காணோங்கறாரு. மரம் இரும்பை விடத் தாழ்ந்து போச்சு, வெரல வெச்சுத் தடவுனா படி தட்டுதுங்கறாரு. சேகரிக்கறவங்க இதைய வாங்க மாட்டாங்கன்னு ஒரே வார்த்தைல சொல்லிப்போட்டாரு.

எங்கய்யன் துப்பாக்கில எழுத்து இல்லாமப் போகுமா? நான் சின்னப் பையனா இருக்கறப்ப அந்த எழுத்த வெரலால தடவித் தடவித்தான் இங்கிலீசு எழுத்தே கத்துக்கிட்டேன். நான் திரும்பி மாப்ளயப் பாத்தேன். அவரு என்னையப் பாத்தாரு. பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. ஒரு வார்த்தை பேசல சார். மடியில கனம் இல்லாத ஆளா இருந்தா பேசியிருக்கோணுமில்ல? நான் ஒண்ணும் பண்ணலீங்கன்னு சொல்லியிருக்கோணுமில்ல? அன்னிக்கே எனக்கு வெளங்கிப்போச்சு. நல்ல துப்பாக்கி கேரளாவுக்குப் போயிருச்சு. அதே மாதிரி ஒரு கெழட்டுத் துப்பாக்கிய வாங்கி, அதுல நம்ம துப்பாக்கி நம்பரை அடிச்சு எனக்கு வெச்சிருக்காங்க.

மரகதத்துக்கிட்டச் சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுங்களா?

“அண்ணா, நீதான தேச்ச. வாரா வாரம் நீதான உக்காந்து தேச்சுக்கிட்டிருந்த. அவரு உன்கிட்டச் சொன்னா நீ வருத்தப்படுவேன்னு வாய மூடிட்டு இருந்தாரு.”

பாத்தீங்களா? சுத்தமா வெக்கறது தப்பாமா. நல்லாத் தொடைச்சா பொருளு கெட்டுப்போகுமாமா. கோயில் வெளக்கத் தேய்க்கறோம், அது கெட்டுப்போச்சா? இதெல்லாம் அவளுக்கா வர்ற பேச்சில்ல. புருசன் சொல்லிக் குடுத்தது. அவ நம்மூட்டுப் பொண்ணா இருந்தப்ப எங்கிட்ட எதிர்த்து ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க.

பொறவு பிருந்தா கல்யாணத்துக்குத் தாம்பாளத்தோட அழைக்க வந்தாங்க. மாப்ளயும் மரகதமும் பிருந்தாவும். சொந்தக்காரங்க நாலு பேரும் கூட இருந்தாங்க. பிருந்தா வந்து காலத் தொட்டுக் கும்பிட்டா. நான் அவ தலைமேல கைய வெச்சேன். வெச்சுக்கிட்டே சொன்னேன், தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வேண்டாம், எங்கய்யன் துப்பாக்கிய வெச்சுக் கொண்டு வாங்க, நான் வந்து மாமன் சீரு பண்றேன்னு.

மாப்ள தாம்பாளத்தத் திருப்பி எடுத்துக்கிட்டாரு. அடுத்த நாளே இந்தக் கடைக்கு வந்து தன் பேர்ல துப்பாக்கிய டெபாசிட் பண்ணிப்போட்டு, மச்சான் யாரைக் கூட்டிட்டு வந்தாலும் காட்டுங்கன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. அவ்வளவு தைரியம் எங்கிருந்துங்க வருது? எல்லாம் சரிக்கட்டி வெச்சிருந்தாத்தான் வரும். அதனாலதான் கடைக்காரர் மேலயும் எனக்கு ஒரு கண்ணு.

மரகதம் மட்டும் அப்பறம் ஒரு தடவ வந்தா. தனியா வந்தா. உள்ள வரல, வாசல்லயே நின்னா.

“உனக்குத் துப்பாக்கி வேணும்னா என்ற ஊட்டையே புரட்டித் தேடிக்கோ அண்ணா. ஆனா பிருந்தா மணவறைக்கு வர்றப்ப நீ நிக்கோணும். அய்யனும் இல்ல, அம்மாவும் இல்ல. பொறந்த ஊட்டுல இருந்து எனக்குன்னு வர்றதுக்கு நீ ஒருத்தந்தான்.”

அவ போன பொறவு மனசு பொக்குனு போச்சுங்க. நெசமாச் சொல்றேன். அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல. ஆனா உண்மை தெரியாம நான் எப்படிப் போயி நிக்கறது? ஏமாத்துனவன் பந்தியில உக்காந்து சாப்பிட எனக்கு வாய் வருமா?

கல்யாணம் நாளைக்குக் காலைல சார். இன்னிக்குப் பொழுதோட பொண்ணு அழைப்பு. பொள்ளாச்சில மண்டபம். மாமன் சேலை நான் எடுத்ததுதான், அதுல கொறை வெக்கல. என்ற ஊட்டுக்காரி காலைலயே அதைய எடுத்துக்கிட்டு, என்ற மொகத்தக்கூடப் பாக்காமக் கெளம்பிப் போயிட்டா. நான் வராட்டி எங்க பெரியப்பன் ஊட்டுப் பையன் மாமன் எடத்துல நின்னுக்குவானாமா. பேசி வெச்சுட்டாங்க.

அதனாலதான் உங்களை இன்னிக்கே வாங்கன்னு அத்தனை தடவ ஃபோன்ல கூப்பிட்டேன். எனக்கு வெலை வேண்டாம் சார். நீங்க வெலையே போட வேண்டாம். இது மாத்துன துப்பாக்கின்னு உங்க லெட்டர்பேடுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் இங்கிருந்து நேரா மண்டபத்துக்குப் போறேன். சனமெல்லாம் இருக்கறப்ப, சித்தூர்ச் சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னாலயே அதைப் படிச்சுக் காட்டறேன். பொறவு போலீஸ் ஸ்டேசன். என்ன வேணா ஆகட்டும். கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும். அவரு பண்ணுனதுக்கு நான் என்ன பண்றது?

செரி. இப்பப் பிரிங்க.

மெதுவாங்க. கை உறை போட்டுக்கறீங்களா? எதுக்கு? ஓ, வேர்வை பட்டாக் கறை புடிக்குங்களா. நான் வெறுங்கையிலயேதான் எடுப்பேன்.

நம்பரைப் பாக்கறீங்களா? நம்பரு சரியாத்தான் இருக்கும். அதைத்தான் முன்னாடியே சொன்னேனே, அடிச்சிருப்பாங்க. பூதக்கண்ணாடி எதுக்குங்க அதுக்கு. என்னது? புதுசா அடிச்சிருந்தா எழுத்து ஓரம் கூரா இருக்குமா? இதுல எழுத்தும் சுத்தியிருக்கற இரும்பும் ஒண்ணாத் தேஞ்சிருக்குதா? தேஞ்சுபோனது மாதிரியே அடிக்கற ஆளுக இருக்கறாங்க சார். கேரளாவுல இல்லாத வேலைக்காரங்களா?

திருகாணி பாருங்க, திருகாணி. கீறல் இருக்குதா? ஒண்ணுலயும் இல்லீங்களா? கழட்டவே இல்லையா? அப்படிங்களா. செரி, நல்லாப் பாருங்க.

என்ன பண்றீங்க? குழலுக்கு அடியில இருக்கற மரத்தை ஏன் கழட்டறீங்க? அதைய நான் ஒரு நாளும் கழட்டுனதில்லீங்க. கழட்டுனா மறுபடி உக்காராதுன்னு எங்கய்யன் பயமுறுத்தி வெச்சிருந்தாரு. பாத்துக் கழட்டுங்க. ஒடைஞ்சாலும் ஒடையட்டும் போங்க, மாத்துன சாமானந்தான.

வந்துருச்சா.

எங்க, இப்படி வெளிச்சத்துல காட்டுங்க.

என்ன சார் இது? ஒரே குழல்ல இது என்ன ரெண்டு நெறம்? மரத்துக்கு உள்ள இருந்தது இப்படிக் கருநீலமா இருக்குது. எட்டுப் பட்டையும் கத்தி மாதிரி நிக்குது. எழுத்து ஒண்ணு குட்டியா, எவ்வளவு தெளிவா இருக்குது பாருங்க. இதுதான் கம்பெனிக்காரன் குடுத்ததா? பூராவும் இப்படித்தான் இருந்துச்சா? எங்கய்யன் கையில இருந்தப்ப பூராவும் இந்த நெறந்தானா? அந்தக் கோத்தகிரித் துப்பாக்கி, காப்பிக் கலர்ல, இது அப்படியே வயசாகி மாறுனதுதானா?

இந்தக் கோடு. மரம் முடியற எடத்துல இருக்கற கோடு. அக்கட்ட நீலம், இக்கட்ட வெள்ளை.

இருங்க சார், ஒண்ணும் பேசாதீங்க. என்ற கைய இதுமேல ஒரு நிமிசம் வெச்சுக்கறேன். உறையெல்லாம் வேண்டாம். இப்படித்தான் புடிப்பேன். உப்புத்தாளை மடிச்சு கட்டை வெரலுக்கு அடியில வெச்சு, இப்படித் தள்ளிக்கிட்டே வருவேன். மரத்துல முட்டும். முட்டுன ஒடனே திருப்பிக்குவேன். இங்கதான் முட்டும். என்ற வெரலு இங்கதான் முட்டும் சார்.

கடைக்காரரு பாக்கறாருங்களா? பாத்தாப் பாக்கட்டும்.

நீங்க ஏன் சார் பேனாவ எடுக்கறீங்க? எழுதாதீங்க. அதே துப்பாக்கின்னு எழுதாதீங்க. அதே துப்பாக்கின்னு நீங்க எழுதுனா நான் இப்ப எந்திரிச்சு மண்டபத்துக்குப் போகோணும். போயி நஞ்சப்பன் முன்னால நிக்கோணும். அவரு மறுபடியும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, தலையக் குனிஞ்சுக்குவாரு. என்னால அதைப் பாக்க முடியாதுங்க. எங்க மரகதம் அழுவா. அத்தனை சனத்துக்கு முன்னால அந்தப் புள்ளை தலைமேல கைய வெச்சுக்கிட்டு நான் சொன்ன வார்த்தை, அது எங்க போகும்? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் மாமன்னு போயி நிக்கறது?

மாத்துனதுன்னே எழுதுங்க சார். போலீசுக்குப் போக மாட்டேன். மண்டபத்துக்குப் போக மாட்டேன். சத்தியமா யார்கிட்டயும் காட்ட மாட்டேன், என்ற பையிலயே வெச்சுக்கறேன். எனக்கு மட்டும் இருக்கட்டும். உங்களுக்கு என்ன நட்டம் சொல்லுங்க? ஒரு வரிதானே.

ஏன் என்னையவே பாக்கறீங்க? செரி, எழுதாட்டிப் போகட்டும். மொதல்ல அந்த மரத்தை எடுத்து மாட்டிருங்க. அந்த நீலம் தெரியுது சார். மாட்டிருங்க.